கதவைத் திறந்த டாக்டர் அம்மா

1930-ம் ஆண்டு. சென்னையில் ஒரு டாக்டர் அம்மாளின் வீட்டு வாசலில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். மூவரும் இளம் வயது.

அவர்கள் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர்கள். தங்களுக்குக் கோவிலில் பொட்டுக் கட்டிவிடுவார்களே என்று பயந்து வந்திருந்தார்கள். படிக்க வேண்டும், மற்றப் பெண்களைப் போல் மானத்தோடு வாழ வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

டாக்டர் அம்மாள் அவர்களைப் பெண்கள் விடுதியில் சேர்க்கப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. தாசி வீட்டுப் பெண்கள் என்று தெரிந்ததும் விடுதிக் கதவுகள் மூடிக்கொண்டன.

அந்தப் பெண்கள் திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பது டாக்டர் அம்மாளுக்குத் தெரியும். அவர்களைத் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். பல பெண் குழந்தைகளுக்கு வாழ்வு கொடுத்த அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது.

அந்த டாக்டர் அம்மாள்தான் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார்.

தகப்பனார் நாராயணசாமி அய்யர். மகாராஜா கல்லூரியின் தலைமை ஆசிரியராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். அவர் தேவதாசிக் குலத்தைச் சேர்ந்தவர். இந்த உறவுக்காக அய்யரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தார்கள்.

தாயின் குலத்தைச் சொல்லி ஊர் பேசும் பேச்சு முத்துலட்சுமியின் காதில் சிறு வயதிலேயே விழுந்தது. ஒரு தவறும் செய்யாத குழந்தை எதற்காகத் தலை குனிய வேண்டும் என்ற கேள்வி அவர் மனத்தில் அப்போதே எழுந்தது. அந்தக் கேள்விதான் அவரைக் கடைசி வரையில் நடத்திச் சென்றது.

அந்தக் காலத்தில் பெண்கள் வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும். அடுத்தது கல்யாணம்தான். முத்துலட்சுமிக்கும் கல்யாணம் செய்துவிட வேண்டும் என்று தாயார் துடித்தார். மகளோ படிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். தகப்பனார் மகள் பக்கம் நின்றார். வீட்டிலேயே படிக்க வைத்தார். மகள் பரீட்சையில் தேறினார்.

ஆண்கள் கல்லூரியில்

அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. அங்கு ஒரு பெண் சேர்வதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவர் பிறந்த குலத்தையும் சேர்த்துப் பேசினார்கள்.

விஷயம் மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானிடம் போயிற்று. எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு, பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி மன்னர் உத்தரவு போட்டார். படிப்புக்கு உதவிப் பணமும் கொடுத்தார்.

முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் அவருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் நடுவில் திரை இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தபடியே பாடம் கேட்டு அவர் தேறினார்.

பிறகு 1907-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பரிசுகளும் தங்கப் பதக்கங்களும் அவருக்குக் கிடைத்தன. சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணி செய்த முதல் பெண்ணும் அவரே.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவர் ஒரு நிபந்தனை போட்டார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அந்த நிபந்தனை. சுந்தர ரெட்டி சம்மதித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

பொட்டுக் கட்டுதல்

டாக்டர் வேலையில் முத்துலட்சுமி பார்த்த துன்பங்கள் பல. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பிள்ளை பெற வந்த பெண்களைப் பார்த்தார். அதைவிட மோசமான நிலையில் இருந்த பெண்களும் உண்டு. அவர்கள்தாம் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள்.

பொட்டுக் கட்டுதல் என்றால் என்ன? ஒரு பெண் குழந்தையைக் கோவில் சாமிக்கே மனைவி என்று சொல்லித் தாலி போலப் பொட்டுக் கட்டுவார்கள். அப்புறம் அவள் மனிதர் யாரையும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஐந்து, ஆறு வயதிலேயே பாட்டும் நாட்டியமும் கற்றுக் கொடுப்பார்கள். சலங்கை கட்டி அரங்கேற்றம் நடக்கும். கோவிலில் ஆடுவாள். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்திலும் ஆடுவாள்.

இந்தக் குலத்தில் பெரிய கலைஞர்கள் இருந்தார்கள். வீணை தனம்மாளை அறியாத சங்கீத ரசிகர் இல்லை. தமிழ்நாட்டின் பாட்டையும் ஆட்டத்தையும் பல தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்கள் இந்தப் பெண்கள்தாம். சொத்து வைத்துக்கொள்ளவும், எழுதப் படிக்கவும் மற்றப் பெண்களுக்கு வழி இல்லாத காலத்தில் இவர்களுக்கு வழி இருந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. பெண் பருவம் அடைந்ததும் அவளைப் பணக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவருக்கு என்ன வயது, எத்தனை மனைவி என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் சம்மதத்தையும் யாரும் கேட்பதில்லை. அவள் குழந்தைதானே என்ற எண்ணமே எவருக்கும் வராது. ஏழைக் குடும்பங்களிலிருந்து பெண் குழந்தைகளை விலைக்கு வாங்கித் தத்து எடுத்து இந்தத் தொழிலில் தள்ளுவதும் உண்டு.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அப்படிச் சிறு வயதில் விற்கப்பட்டவர்தான். அவர் பின்னாளில் துணிந்து வெளியே வந்தார். தஞ்சை ஜில்லா முழுவதும் சுற்றி, பொட்டுக் கட்டக் கூடாது என்று பிரசாரம் செய்தார்.

சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பது குற்றம் என்று பழைய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் சாமி பெயரைச் சொல்லி, சடங்கு என்று சொல்லிச் செய்யும்போது, குற்றத்தை நிரூபிப்பது கஷ்டமாக இருந்தது.

சட்டசபையில் ஒரு பெண்

1926-ம் ஆண்டின் கடைசியில் முத்துலட்சுமி சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மேல் படிப்புக்காக இங்கிலாந்து போய்த் திரும்பி வந்த சமயம் அது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்மணி அவர். அடுத்த ஆண்டே சபையின் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1927 நவம்பரில், கோவில்களில் பெண்களைப் பொட்டுக் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார்.

வெறும் தீர்மானத்தால் எதுவும் நடக்காது என்பது அவருக்குத் தெரியும். நோய் எங்கே இருக்கிறது என்று டாக்டர் தேடினார். அது நிலத்தில் இருந்தது.

தேவதாசிகளுக்குக் கோவில் மானிய நிலம் உண்டு. கோவிலில் ஊழியம் செய்யும் வரையில்தான் அந்த நிலம் அவர்களுக்கு. குடும்பத்தில் யாரும் ஊழியம் செய்யவில்லை என்றால் நிலம் போய்விடும். எனவே, நிலத்தைக் காப்பாற்றுவதற்காகவே தலைமுறைக்கு ஒரு பெண்ணைப் பொட்டுக் கட்டி வந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு குழந்தை பலி.

1929-ம் ஆண்டில் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோவில் ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று ஆயிற்று. இனிமேல் நிலத்துக்காகக் குழந்தையைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இது முத்துலட்சுமிக்குக் கிடைத்த முதல் வெற்றி.

அதே 1929-ல்தான் நாடு முழுவதற்கும் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14 வயதுக்கு முன் கல்யாணம் செய்யக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதற்காகவும் முத்துலட்சுமி பாடுபட்டார்.

இரு பக்கமும் எதிர்ப்பு

எதிர்ப்புக்குக் குறைவில்லை. இது மத விஷயம், சர்க்கார் தலையிடலாமா என்று வைதிகர்கள் கேட்டார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் எதிர்த்தார். காந்தியடிகள் முத்துலட்சுமிக்கு ஆதரவாக எழுதினார்.

தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியார் எதிர்த்தார்கள். சென்னையில் சங்கம் கூட்டி சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். தங்கள் குலத்தையே விபசாரக் குலம் என்று சொல்வது அநியாயம் என்றார்கள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையை வளர்க்க வழி செய்யுங்கள், எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

முத்துலட்சுமியின் கண் முன்னால் நின்றது குழந்தை. வயது வந்த பெண் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்? இதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-ல் கொண்டு வந்தார். அந்த ஆண்டில் காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் கிடந்தது.

அவ்வை இல்லம்

அந்தச் சமயத்தில்தான் மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

சட்டம் கதவைத் திறந்துவிடும். ஆனால் கதவுக்கு வெளியே வந்த குழந்தை எங்கே போகும்? யார் சோறு போடுவார்கள்? யார் படிக்க வைப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. அவ்வை இல்லம்தான் பதில்.

அவ்வையின் கதை தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் வேண்டாம், தமிழே போதும் என்று பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானவர் என்பது கதை. அந்தப் பெயரைத் தாங்கிய வீட்டில் தாசி வீட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அநாதைக் குழந்தைகள் சேர்ந்தார்கள். கைவிடப்பட்ட பெண்களும் சேர்ந்தார்கள். என்ன ஜாதி, யாருடைய பிள்ளை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

குழந்தைகள் படித்தார்கள். கைத்தொழில் கற்றார்கள். ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் ஆவதற்கு வழி பிறந்தது. மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணை யாரும் விலை பேச முடியாது அல்லவா?

இல்லம் பின்னர் அடையாற்றுக்கு வந்தது. இன்றும் அங்கே நடந்து வருகிறது.

நடனத்தின் மீது கோபம்

இந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து முத்துலட்சுமிக்கு நடனத்தின் மீதே வெறுப்பு வந்தது. சதிர் என்று அப்போது வழங்கிய அந்த ஆட்டம்தான் குழந்தைகளைப் பிடிக்கும் வலை என்று அவர் எண்ணினார். 1932-ன் கடைசியில், பிரமுகர் ஒருவருக்கு நடந்த வரவேற்பில் தாசி நடனம் வைத்தார்கள். அதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார்.

அவருக்குப் பதில் எழுதினார் வக்கீல் இ. கிருஷ்ண அய்யர். அவர் தேச பக்தர். நாட்டியத்தில் பித்துக் கொண்டவர். பெண் வேஷம் போட்டுத் தாமே மேடையில் ஆடியவர். வழக்கம் கெட்டது என்றால் வழக்கத்தை ஒழியுங்கள், கலையை ஏன் ஒழிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பத்திரிகைகளில் வாதம் சூடு பிடித்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது.

முத்துலட்சுமியின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம். அடிபட்ட குழந்தையைத் தூக்கி எடுத்தவருக்கு அடித்த கோல் கண்ணில் உறுத்தும். ஆனால் அந்தக் கோல் புல்லாங்குழலாகவும் இருந்தது. அதை அன்று அவரால் பார்க்க முடியவில்லை.

கலை சாகவில்லை. அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935-ல் ருக்மணி தேவி அடையாற்றில் மேடை ஏறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி உலகம் போற்ற ஆடினார்.

அடையாற்றிலேயே ஓர் அம்மையார் குழந்தையைக் காப்பாற்றினார். இன்னோர் அம்மையார் நடனத்தைக் காப்பாற்றினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தக் காலத்துக்குத் தெரியவில்லை.

1947-ம் ஆண்டுச் சட்டம்

நாடு சுதந்திரம் அடைந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியாக இருந்தார். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

பொட்டுக் கட்டுவது குற்றம் ஆயிற்று. கட்டினவர்களுக்கும் உடந்தையாக இருந்தவர்களுக்கும் தண்டனை. ஏற்கனவே பொட்டுக் கட்டப்பட்ட பெண் விரும்பினால் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். முதல் தீர்மானம் வந்து இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி இது.

அதே சட்டம் கோவிலிலும், சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. அதனால் வயதான நாட்டியக்காரிகள் பலர் பிழைப்பு இழந்தார்கள். சிறுமிகளைக் காப்பாற்றிய சட்டம் அவர்களுக்கு வேறு வழி காட்டவில்லை. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

புற்றுநோய் ஆஸ்பத்திரி

முத்துலட்சுமியின் தங்கை ஒருவர் புற்றுநோயால் இளம் வயதில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. வீடு வீடாக, ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தொடங்கியபோது 12 படுக்கைகள்தான். இன்று அது இந்தியா முழுவதும் தெரிந்த ஆஸ்பத்திரி.

1956-ல் அவருக்குப் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். அப்போது வயது 81. ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில் நடக்கிறது.

சலங்கை மருந்து ஆயிற்று

அவர் காலமாகி 36 ஆண்டுகள் கழித்து, 2004-ல், கல்கத்தாவில் ஒரு ஸ்தாபனம் தோன்றியது. அதன் பெயர் கொல்கத்தா சன்வேத். சிறு வயதில் கடத்தி விற்கப்பட்டு, கெடுக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்கள் காப்பகங்களில் இருக்கிறார்கள். அவர்களை நடனத்தின் மூலம் குணப்படுத்துவது அந்த ஸ்தாபனத்தின் வேலை.

நடனத்தால் எப்படிக் குணமாகும்?

கெடுக்கப்பட்ட குழந்தைக்குத் தன் உடம்பே தனக்குச் சொந்தம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. யாராவது பக்கத்தில் வந்தால் உடம்பு விறைக்கிறது. தலை நிமிர்வதில்லை. நடந்ததைச் சொல்ல வாய் வருவதில்லை. தன் மீதுதான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறது.

அந்தக் குழந்தையை உட்கார வைத்து, நடந்ததைச் சொல் என்று துருவிக் கேட்டால் புண் இன்னும் ஆழமாகும். எனவே அங்கே கேள்வி இல்லை. முதலில் மூச்சை இழுத்து விடச் சொல்கிறார்கள். கையை நீட்டச் சொல்கிறார்கள். நிமிர்ந்து நடக்கச் சொல்கிறார்கள். அருகில் வருகிறவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் குழந்தையே கையைக் காட்டி முடிவு செய்கிறது. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை. இப்படி உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையது ஆகிறது.

பிறகு எல்லாரும் சேர்ந்து ஆடுகிறார்கள். சிலர் மேடையும் ஏறுகிறார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கையும் காலும் சொல்கின்றன. பார்க்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் யாருக்கோ விருந்தாக ஆடியதற்கு அல்ல. அவள் தனக்காக ஆடியதற்கு. குணமான பெண்களில் பலர் தாமே பயிற்சி பெற்று, மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நடனத்தின் மீது முத்துலட்சுமி சாட்டிய குற்றத்துக்கு இது ஒரு பதில். சலங்கையின் மீது குற்றம் இல்லை. குழந்தையைக் கேட்காமல் அதன் காலில் சலங்கை கட்டி, அவளை விலை பேசியவர்கள் மீதுதான் குற்றம். அவள் விரும்பிக் கட்டிக்கொண்டால் அதே சலங்கை மருந்தாகிறது.

ஆனால் அந்த மருந்து வேலை செய்வதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்க வேண்டும். பயந்து ஓடி வரும் குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும். அவளை நம்பும் ஒரு தாய் வேண்டும். அதைத்தான் முத்துலட்சுமி 1930-ல் செய்தார்.

வீட்டில் பெரியவர்களுக்கு

பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டத்தால் போயிற்று. ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் போகவில்லை. பெரும்பாலும் அவர்கள் குழந்தைக்குத் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத ஆண், பெண் எந்தக் குழந்தைக்குத் தீங்கு செய்தாலும் கடுமையான தண்டனை உண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற டெலிபோன் நம்பர் இருக்கிறது.

ஒரு குழந்தை தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால், பெரியவர்கள் முதலில் அதை நம்ப வேண்டும். அதட்டக் கூடாது. குடும்ப மானம் போய்விடுமே என்று வாயை மூடக் கூடாது. மானம் போக வேண்டியது தீங்கு செய்தவனுக்கு.

அன்று மூன்று பெண்களுக்கு விடுதிகள் கதவை மூடின. ஒரே ஒரு வீட்டின் கதவு திறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு கதவு திறந்திருந்தால், எந்தக் குழந்தையும் பயந்து ஓடி வந்து அந்நிய வாசலில் நிற்க வேண்டியது இல்லை.